வங்கம் சுமக்கும் அமானிதம்

வங்கம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று, கங்கையும் பிரமபுத்திரையும் கடலோடு கலக்கும் கீழ்த்திசை நாடு, மற்றொன்று, மரக்கலம். பழந்தமிழ்ப் புலவர்கள் கடலோடும் பெருங்கலத்தை வங்கம் என்றே வழங்கினர். நாட்டுக்கும் நாவாய்க்கும் ஒரே பெயர் வாய்த்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும், அவ்வங்கத்தின் கீழ்ப்பகுதியாகிய பங்களாதேசம் தன் கடற்படையைப் புதிய கலங்களாலும், புதுக்கப்பெற்ற பழைய கலங்களாலும் வளர்த்து வந்த வரலாற்றைப் பயிலும்போது, அச்சொல்லின் இரு பொருளும் நம் நெஞ்சில் ஒருங்கே எழுகின்றன.

நாம் எடுத்துக்கொண்ட வினா பழையது. தன் மக்களுக்கு உணவும் உறைவிடமும் கல்வியும் அளிப்பதற்கே அல்லற்பட்ட ஒரு நாடு, போர்க்கலங்களுக்குப் பொருள் செலவிடுதல் அறமாகுமா? ஆகும் என்போர் பாதுகாப்பைச் சுட்டுவர். ஆகாது என்போர் பசியைச் சுட்டுவர். இரு சாராரும் உண்மையையே பேசுகின்றனர் என்பதுதான் இவ்வினாவைக் கடினமாக்குகிறது. பொதுப்படப் பேசி ஒரு பக்கம் சாய்ந்துவிடுவது எளிது. ஒரு நாட்டின் நடப்பை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கலமும் எதற்காக வந்தது, என்ன செய்தது என்று கேட்டுப் பார்ப்பதே நேரிய வழி என்று நாம் கருதுகிறோம்.

பங்களாதேசத்தைச் சிறிய நாடு என்னலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். மக்கள் தொகையில் அது சிறியதன்று. ஆனால் நிலப்பரப்பிலும் செல்வத்திலும் படைவலியிலும் அது சிறியதே. மூன்று புறமும் இந்தியப் பெருநிலம், தென்கிழக்கில் மியான்மர், தெற்கே கடல். அந்தக் கடலே அதற்குத் திறந்த வாயில். அந்தக் கடலே அதற்குக் கூற்றுவனும்கூட.

இரு படகுகளும் எட்டு மாலுமிகளும்

1971ஆம் ஆண்டு விடுதலைப் போர் மூண்டபோது வங்காளிகளுக்கென்று ஒரு கப்பலும் இருந்ததில்லை. பாகிஸ்தான் கடற்படைக்கெனப் பிரான்சில் கட்டப்பட்ட மங்ரோ என்னும் நீர்மூழ்கிக் கப்பல் அப்போது தூலோன் துறைமுகத்தில் இருந்தது. அதிற் பயிற்சி பெற்றுவந்த வங்காள மாலுமிகளுள் எட்டுப் பேர் அங்கிருந்து தப்பி இந்தியாவை அடைந்தனர். நீரடியில் நீந்திச் சென்று கலங்களைத் தகர்க்கும் வீரர்களைப் பயிற்றுவித்த பணியில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவ்வாண்டு ஆகஸ்டு நடுவில், ஒரே இரவில், சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய துறைகளில் நின்ற கப்பல்கள் தகர்க்கப்பட்டன. கப்பலில்லாத கடற்படை ஒன்று பிறந்தது.

பின்னர் இரண்டு படகுகள் கிடைத்தன. கல்கத்தாத் துறைமுகத்தில் பணியாற்றிவந்த கலங்கள் அவை. பீரங்கி பொருத்தி, பத்மா என்றும் பலாஷ் என்றும் பெயர் சூட்டினர். ஆகவே, அந்நாட்டின் முதற் போர்க்கலங்களே புதுக்கப்பெற்ற பழங்கலங்கள்தாம் என்பதை நாம் மறந்துவிடலாகாது. டிசம்பர் 10ஆம் நாள் குல்னாவை நெருங்கியபோது, நட்பு நாட்டின் விமானங்களே அவற்றைப் பகைவர் கலங்கள் எனத் தவறாகக் கருதித் தாக்கின. பலாஷின் இயந்திர அறைப் பொறுப்பில் இருந்தவர் முகம்மது ரூஹுல் அமீன். கலத்தைக் கைவிடுமாறு ஆணை பிறந்தும் அவர் இயந்திரத்தை விட்டு அகல மறுத்தார். அன்றே உயிர் நீத்தார். நாட்டின் மிக உயர்ந்த வீர விருதாகிய பீர் ஸ்ரேஷ்டோ எழுவருக்கு மட்டுமே வழங்கப்பட்டது. அவ்வெழுவருள் அவரும் ஒருவர்.

பழைய கலமும் புதிய பெயரும்

விடுதலைக்குப் பின் அந்நாடு பெற்ற முதல் பெருங்கலம் பிரிட்டனில் இருந்து வந்தது. 1950களில் கட்டப்பட்ட லாண்டாஃப் என்னும் பிரிகேட் வகைக் கப்பல், 1976இல் உமர் ஃபாரூக் என்னும் பெயரோடு வங்கக் கடலுக்கு வந்தது. 1978இல் ஜாகுவார் என்னும் கலம் அலி ஹைதர் ஆயிற்று. 1982இல் லிங்க்ஸ் என்னும் கலம் அபூபக்கர் ஆயிற்று. 1989இல் சீனாவிலிருந்து வந்த கலத்துக்கு உஸ்மான் என்று பெயரிட்டனர். நேர்வழி நின்ற கலீபாக்கள் நால்வரின் பெயர்களும் இவ்வாறு அந்நாட்டின் கப்பல்களில் ஏறின.

பிரிட்டன் தன் பணியிலிருந்து விலக்கிய கலம், இங்கே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் உழைத்தது என்பது நம்மை வியக்கவைக்கிறது. செல்வர் கழித்த உடையைத் தைத்து உடுத்தும் ஏழையின் திறமை அதில் உண்டு. அந்த ஏழையின் சங்கடமும் அதில் உண்டு. உதிரிப் பாகம் வேண்டுமெனில் மூலம் எங்கோ அங்கே கையேந்த வேண்டும். அப்பாகம் அங்கேயே வழக்கொழிந்து போயிருந்தால், தானே வார்த்துக்கொள்ள வேண்டும்.

பிற்காலத்திலும் அந்நெறி தொடர்ந்தது. பிரிட்டனின் டம்பார்ட்டன் காசில் 2010இல் வாங்கப்பெற்று விஜய் என்னும் பெயர் பெற்றது. 1982இல் ஃபாக்லாந்துப் போர்க்காலத்தில் பணியாற்றிய கலம் அது. அமெரிக்கக் கடலோரக் காவற்படையில் நாற்பது ஆண்டுகள் உழைத்த ஜார்விஸ் 2013இல் சமுத்ர ஜய் ஆயிற்று. சீனா பயன்படுத்தி விலக்கிய பிரிகேட்டுகள் 2014இலும் 2020இலும் வந்தன. முதல் தலைமுறைக் கலங்கள் ஓய்வுபெற, அவற்றின் பெயர்களையே இவற்றுட் பல மீண்டும் தாங்கின. இடையே, முற்றிலும் புதியனவாகச் சீனாவில் கட்டப்பட்ட கார்வெட் வகைக் கலங்கள் நான்கு, 2016க்கும் 2020க்கும் இடையில் படையிற் சேர்ந்தன. 2017 மார்ச்சு 12இல் நவஜாத்ரா, ஜயஜாத்ரா என்னும் இரு நீர்மூழ்கிகள் பணியேற்றன. அவையும் சீனா முன்பு பயன்படுத்தியவையே. விலை 20 கோடியே 30 இலட்சம் டாலர். 2030ஆம் ஆண்டை எல்லையாகக் குறித்து வகுத்த படைப்பெருக்கத் திட்டத்தின் கூறுகள் இவை.

பெயர் சூட்டுவதிலேயே ஒரு படிப்பினை இருப்பதையும் சுட்ட வேண்டும். தென் கொரியாவில் புதிதாகக் கட்டி, ஏறத்தாழப் பத்துக் கோடி டாலர் விலையில் வாங்கிய பிரிகேட் ஒன்று 2001 ஜூனில் பங்கபந்து என்னும் பெயரோடு பணியேற்றது. ஆட்சி மாறியது. 2002 பிப்ரவரியில் அது பணியிலிருந்து விலக்கப்பட்டது. 2007இல் காலித் பின் வலீத் என்னும் பெயரோடு மீண்டும் சேர்க்கப்பட்டது. மீண்டும் ஆட்சி மாறியதும், 2009இல் பழைய பெயர் திரும்பியது. நாட்டின் மிகப் புதிய கலம் ஐந்தாண்டுக் காலம் கரையோரம் நின்றது. எந்தப் பகைவனும் இத்துணை எளிதாக ஒரு கப்பலை முடக்கியிருக்க முடியாது. மக்களின் பொருளில் வாங்கியதைக் கட்சியின் உடைமையாகக் கருதும்போது நேர்வது இதுவே.

கடலைத் தடுத்தவரும் கடலைத் திறந்தவரும்

கலீபாக்களின் பெயர்களைக் கப்பல்களிற் கண்டபோது, நம் வாசகர்கள் நன்கறிந்த ஒரு வரலாறு நம் நினைவுக்கு வந்தது. சிரியாவின் ஆளுநராக இருந்த முஆவியா (ரலி) அவர்கள் கடல்வழிப் படையெடுப்புக்கு அனுமதி கோரியபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் இசையவில்லை என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். கடலின் இயல்பைக் கேட்டறிந்த அவர்களுக்கு, தம்மை நம்பிய மக்களை அத்தகைய இடரில் ஏற்றுவதற்கு உள்ளம் ஒப்பவில்லை. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்களின் ஆட்சியில் அனுமதி கிடைத்தது. ஆயினும், எவரையும் கட்டாயப்படுத்தலாகாது, விரும்பி வருவோரை மட்டுமே கப்பலேற்ற வேண்டும் என்னும் நிபந்தனையோடு கிடைத்தது. ஹிஜ்ரி 28ஆம் ஆண்டளவில் சைப்ரஸ் தீவை நோக்கி முதற் கடற்படை புறப்பட்டது.

கடலைத் தடுத்தவரின் பெயரும், கடலைத் திறந்தவரின் பெயரும் ஒரே கடற்படையின் இரு போர்க்கலங்களில் ஏறியிருந்தது எண்ணி மகிழத்தக்கது. பெயரிட்டவர்கள் இதனைக் கருதினார்களோ இல்லையோ, நாம் கருதலாம். உமர் (ரலி) அவர்களின் மறுப்பில் அச்சம் இல்லை; பொறுப்பு இருந்தது. கலமேறும் ஒவ்வோர் உயிருக்கும் தாம் மறுமையில் பதில் சொல்ல வேண்டும் என்னும் உணர்வு அது. உஸ்மான் (ரலி) அவர்களின் அனுமதியிலும் அதே பொறுப்பு நிபந்தனை வடிவில் நின்றது. ஆகவே, போர்க்கலம் கூடுமா கூடாதா என்று நம் முன்னோர் வினவி ஓய்ந்துவிடவில்லை. எத்தகைய தேவைக்காக, எவர் இசைவோடு, எவருக்குக் கணக்குச் சொல்லி என்று வினவினர். அதனை ஒரே சொல்லில் அடக்கினால் அமானிதம் எனலாம். ஒப்படைக்கப்பட்ட பொருள் நம்முடையதன்று. நாம் அதன் காவலர். ஒருநாள் கணக்குக் கேட்கப்படும்.

இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்கும்போது, நீர்மூழ்கிகளைப் பற்றி நமக்கு ஐயம் எழுகிறது. விடுதலைப் போரில் நீர்மூழ்கி மாலுமிகள் எண்மர் தொடங்கிவைத்த கடற்படை, 46 ஆண்டுகளுக்குப் பின் சொந்த நீர்மூழ்கிகளைப் பெற்றது என்னும் பெருமிதம் நமக்கு விளங்காமலில்லை. ஆயினும், ரோந்துக் கப்பல் மீனவனைக் காக்கும். புயலில் அரிசி சுமக்கும். நீர்மூழ்கியால் இவை எதுவும் ஆகா. மறைந்திருந்து தாக்குவதும், தாக்கக்கூடும் என்னும் அச்சத்தை விளைவிப்பதுமே அதன் பணி. அதிலும் பழைய நீர்மூழ்கியின் ஆபத்து தனி வகையானது. 1981இல் ஜெர்மனியில் கட்டப்பட்டு, பின்னர் தென் கொரியாவிற் புதுக்கப்பெற்ற இந்தோனேசிய நீர்மூழ்கியான நங்காலா, 2021 ஏப்ரலில் பாலித் தீவுக்கு வடக்கே 53 பேரோடு மூழ்கியது. பங்களாதேசம் வாங்கிய அதே வகையைச் சேர்ந்த சீன நீர்மூழ்கி ஒன்றில், 2003இல், உள்ளிருந்த எழுபது பேரும் மாண்டனர். உமர் (ரலி) அவர்கள் கடலைப் பற்றிக் கேட்டறிந்ததைப்போல, இக்கலங்களில் மைந்தர்களை இறக்குமுன் ஆட்சியாளர்களும் கேட்டறிந்திருக்க வேண்டும். அண்டை நாடு பெற்றுள்ளதால் நாமும் பெறவேண்டும் என்பது அதற்குப் போதிய விடையாகாது.

வழக்கில் வென்ற கடல்

அப்படியாயின், மற்றக் கலங்களுக்கு என்ன நியாயம்? அதற்கு விடை 2008ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு நவம்பரில், இரு நாடுகளும் உரிமை கொண்டாடிய கடற்பகுதியில், மியான்மரின் போர்க்கலங்கள் துணைவர, எரிவாயு தேடும் பணி தொடங்கிற்று. பங்களாதேசமும் தன் போர்க்கலங்களை அனுப்பியது. சில நாட்கள் இரு தரப்புக் கலங்களும் எதிரெதிரே நின்றன. துப்பாக்கி வெடிக்கவில்லை. தேடுதற் பணி நிறுத்தப்பட்டு, வந்தவர்கள் திரும்பினர். அந்நாளில் அந்நாட்டின் கைவசம் இருந்தவை, நாம் மேலே சொன்ன முதிய கலங்களே.

அடுத்த ஆண்டு அக்டோபரில் அந்நாடு செய்ததுதான் நாம் பெரிதும் போற்ற வேண்டிய செயல். மியான்மர், இந்தியா ஆகிய இரு அண்டை நாடுகளோடும் இருந்த கடலெல்லைத் தகராறுகளைச் சர்வதேச நடுவர் தீர்ப்புக்குக் கொண்டுசென்றது. 2012 மார்ச்சு 14இல் ஹாம்பர்க் நகரிலுள்ள சர்வதேசக் கடற்சட்ட நீதிமன்றம் மியான்மரோடான எல்லையை வரைந்தது. 2014 ஜூலை 7இல் நடுவர் மன்றம் இந்தியாவோடான எல்லையை வரைந்தது. இந்தியாவோடு தகராற்றில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 சதுர கிலோமீட்டர் பங்களாதேசத்துக்குக் கிடைத்தது. வலிமை மிக்க இந்தியா தீர்ப்பை ஏற்றது. மியான்மரும் ஏற்றது. ஒரு குண்டும் வெடிக்காமல், ஓர் உயிரும் போகாமல், ஏறத்தாழ நாட்டின் நிலப்பரப்புக்கு நெருங்கிய பரப்புள்ள கடல் அந்நாட்டின் உரிமையாயிற்று.

இதைக் கண்டு, கடலை வென்றது சட்டம்தானே, கப்பல் எதற்கு என்று கேட்பவர் உண்டு. நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே கேட்டோம். சிந்தித்துப் பார்த்தபோது அவ்வினாவில் ஒரு குறை தென்பட்டது. தீர்ப்பு உரிமையைத் தந்தது. உரிமையோடு பொறுப்பையும் தந்தது. தன்னுடையது என்று மன்றத்தில் வாதாடிப் பெற்ற கடலில் மீனவன் தத்தளித்தால், கொள்ளையர் படகு மறித்தால், அயலார் இழுவலை மீன்குஞ்சுகளை அள்ளிச் சென்றால், எனக்குக் கப்பலில்லை என்று அந்நாடு சொல்ல முடியாது. நிலத்தைக் கோரிப் பெற்றவன் அதை உழவேண்டும் அன்றோ? ஹில்சா மீன் முட்டையிடும் காலத்தில் பிடிப்பதற்குத் தடை விதிக்கின்றனர். அத்தடையை நிலைநாட்டக் கடலிலும் கழிமுகத்திலும் கடற்படை சுற்றி வருகிறது. ஏழையின் உணவாகிய மீனைக் காக்கும் இவ்வேலைக்கு ஏவுகணை வேண்டியதில்லை. கடலில் நிற்கக்கூடிய கலமும், அதை ஓட்டும் எரிபொருளும், கைக்கூலி வாங்காத மனமும் வேண்டும்.

எவரைக் காக்க?

1991 ஏப்ரல் 29ஆம் நாள் இரவு சிட்டகாங் கரையைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் மாண்டனர். காக்க வேண்டிய கடற்படையே தன் துறையில் தாக்குண்டு கிடந்தது. வளைகுடாப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் கப்பல்கள் திசைமாறி வந்து துயர்துடைப்புப் பணியில் ஈடுபட்டன. உதவியவர்களுக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். ஆயினும், தன் தீவுகளில் தவிக்கும் தன் மக்களுக்குத் தண்ணீர் கொண்டுசெல்லத் தன்னிடம் கலமில்லாத நிலை எந்நாட்டுக்கும் வரலாகாது. பசியைக் காரணம் காட்டிக் கப்பல் கூடாது என்போர், அந்த இரவுக்குப் பின்வந்த நாட்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தீவில் இருப்பவனுக்கு உணவும் கப்பலில்தான் வருகிறது.

அந்நாடு இந்தப் பாடத்தை ஓரளவு கற்றது என்றே சொல்ல வேண்டும். 2014 டிசம்பரில், மாலைத்தீவின் தலைநகராகிய மாலேயில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை தீப்பற்றி, நகரமே தாகத்தால் தவித்தது. அப்போது சமுத்ர ஜய் கப்பல் குடிநீரைச் சுமந்துகொண்டு அங்கே சென்றது. அமெரிக்கா கழித்த பழங்கலம், வங்காளத்தின் தண்ணீரைத் தீவு மக்களுக்குக் கொண்டுசென்றது. அக்கலத்தின் வயதை அன்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

2010 முதல் ஐக்கிய நாடுகளின் அமைதிப் பணிக்காக லெபனான் கடலுக்கும் பங்களாதேசம் கலங்களை அனுப்பிவந்தது. 2020 ஆகஸ்டு 4இல் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறியபோது, விஜய் அத்துறையில்தான் நின்றது. மாலுமிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். பிழைப்புத் தேடி அந்நகருக்குச் சென்றிருந்த வங்காளத் தொழிலாளர்கள் சிலரும் அவ்வெடிப்பில் உயிரிழந்தனர். தாக்குண்ட கலம் துருக்கியிற் பழுது பார்க்கப்பெற்று அவ்வாண்டே தாயகம் திரும்பியது. அதனிடத்தை நிரப்ப, புதிதாகக் கட்டப்பட்ட சங்ராம் என்னும் கார்வெட் புறப்பட்டது. பழையது தாங்கியது, புதியது தொடர்ந்தது.

ஆனால் நடுநிலையோடு எழுதப் புகுந்த நாம், மனத்தை உறுத்தும் மற்றொரு பக்கத்தையும் மறைக்கலாகாது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ரோஹிங்யா மக்கள் நூற்றுக்கணக்கானோர் மலேசியா செல்லும் எண்ணத்தோடு படகேறினர். அங்கே இறங்க இடம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ இரு மாதங்கள் கடலிலேயே அலைந்தனர். உண்ண உணவின்றிப் பலர் படகிலேயே மாண்டனர். உடல்கள் கடலில் இடப்பட்டன. ஏப்ரல் நடுவில், ஏறத்தாழ நானூறு பேரைப் பங்களாதேசக் கடலோரக் காவற்படை கரைசேர்த்தது. எஞ்சிய படகுகளை ஏற்க அரசு தயங்கியது. ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோரை 2017இல் ஏற்றுக்கொண்ட நாங்களே ஒவ்வொரு படகையும் ஏற்க வேண்டுமா என்னும் அதன் கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. செல்வம் மிகுந்த நாடுகள் பல அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதியைக்கூடப் பெறவில்லை. ஆயினும், நீரில் இருப்பவனுக்கு நியாயம் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. அடுத்த மாதம் கடற்படை மற்றொரு படகில் இருந்த இருநூற்றுக்கும் மேற்பட்டோரை மீட்டு, பாசன் சார் என்னும் தீவில் சேர்த்தது.

அத்தீவு வண்டல் படிந்து அண்மைக்காலத்தில் எழுந்த மண்திட்டு. இலட்சம் பேர் தங்குவதற்கான வீடுகளை அதிற் கட்டிமுடித்ததும் அந்நாட்டுக் கடற்படையே. 2020 டிசம்பரில் அகதிகளை அங்கே ஏற்றிச்சென்றவையும் கடற்படைக் கலங்களே. அது புகலிடமா, கடல் சூழ்ந்த சிறையா என்று அன்று உலகெங்கும் விவாதம் எழுந்தது. ஒரே கப்பல், ஒரே மாலுமிகள், ஏற்றிச்செல்லும் ஆணையின் தன்மைக்கேற்ப அது மீட்பாகவும் அமையலாம், நாடு கடத்தலாகவும் அமையலாம். இரும்புக்கு அறம் தெரியாது. அறம் ஆணையிடுபவனிடமும், ஆணையை ஏற்பவனிடமும் இருக்க வேண்டும். கலங்களைப் புதுப்பிக்கும் திட்டத்தில் எண்ணிக்கையும் எடையும் வேகமும் எழுதப்பட்டிருக்கும். கடலில் தத்தளிப்பவன் எந்நாட்டானாயினும் முதலில் கரையேற்று, பிறகு அவன் யாரென்று கேள் என்னும் ஒரு வரியும் அதில் இருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து.

பழுது நீக்கும் கை

சிட்டகாங்குக்கு வடக்கே சீத்தாகுண்டாக் கரையில் உலகின் முதிய கப்பல்கள் வந்து உடைபடுகின்றன. 1960களில், புயலில் கரையேறி நின்றுபோன கிரேக்கக் கப்பல் ஒன்றை உடைத்ததில் அத்தொழிலின் தொடக்கத்தைச் சொல்வர். ஏழை இளைஞர்கள் வெறுங்காலோடு சேற்றில் நின்று இரும்பை அறுத்தனர். நச்சுப் புகையாலும் விழும் தகடுகளாலும் எண்ணற்றோர் மாண்டனர். கப்பல் உடைப்பைப் பாதுகாப்பானதாக்கும் ஹாங்காங் உடன்படிக்கையை அந்நாடு 2023இல் ஏற்றது. 2025 ஜூன் 26இல் அது உலகளவில் நடைமுறைக்கு வந்தது. கரையில் கப்பல் உடைக்கும் தொழிலாளியும், கடலில் கப்பல் ஓட்டும் மாலுமியும் ஒரே நாட்டின் மக்கள். முன்னவனுக்குக் காலணி இல்லாதிருக்கப் பின்னவனுக்கு ஏவுகணை வாங்குவது பொருந்தாது. நாட்டின் பாதுகாப்பு என்னும் சொல் இருவரையும் தழுவ வேண்டும்.

அதே நாட்டில், குல்னாவில், 1957இல் நிறுவப்பட்ட கப்பல் கட்டும் தளம் ஒன்று உண்டு. நட்டத்தில் மூழ்கி மூடப்படும் நிலையிலிருந்த அதனை 1999இல் கடற்படையிடம் ஒப்படைத்தனர். சில ஆண்டுகளில் அது நட்டத்திலிருந்து மீண்டு ஈட்டத் தொடங்கியது. 1970களில் நாராயண்கஞ்சில் ஆற்றுக் காவற் படகுகள் சில கட்டப்பட்டதுண்டு. அதன்பின் நெடுங்காலம் கழித்து, குல்னாத் தளத்தில், சீன நிபுணர்களின் துணையோடு, கடலிற் சுற்றுக்காவல் புரியும் கலவரிசை ஒன்று கட்டப்பட்டது. அவ்வரிசையில் முதற்கலம் 2013 ஜனவரியில் படையிற் சேர்ந்தது. ஐம்பது மீட்டர் நீளமே உள்ள சிறு கலம். அதற்குச் சூட்டிய பெயர் பத்மா.

1971இல் குல்னாவுக்கருகே அழிந்த முதற்படகின் பெயர் அதே குல்னாவில், அந்நாட்டுத் தொழிலாளர் கைகளில் இருந்து மீண்டும் நீரில் இறங்கிற்று. வெளிநாட்டிலிருந்து வந்த நீர்மூழ்கிகளைவிட இச்சிறு கலத்தையே நாம் பெரிதாக மதிக்கிறோம். வாங்கிய கலத்தின் உயிர் விற்றவன் கையில் இருக்கிறது. இன்னொருவர் அன்பளிப்பாகத் தந்த கலத்தோடு, சொல்லப்படாத எதிர்பார்ப்பு ஒன்றும் உடன் வருகிறது. தானே பழுது நீக்கவும் தானே கட்டவும் கற்றவனிடமே கலம் முழுமையாகத் தங்குகிறது. நாற்பது ஆண்டுகள் முதிய கலங்களைப் பேணிய கைகளே பின்னாளில் புதியதைக் கட்டத் துணிந்தன. அவ்வகையில் பழைய கலங்கள் வீண்போகவில்லை. அவை கப்பலாக மட்டும் வரவில்லை, பள்ளிக்கூடமாகவும் வந்தன.

ஆகவே, நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்கு நம் விடை இது. சிறிய நாடு போர்க்கலம் வைத்திருத்தல் அறத்துக்கு மாறானதன்று. அண்டை நாட்டாரை அச்சுறுத்துவதற்காக வைத்திருப்பின் அது வீண். அச்சுறுத்தும் போட்டியில் சிறியவன் என்றும் தோற்பான். சட்டத்தின் வழியே தனக்கு உரித்தான கடலுக்குப் பொறுப்பேற்பதற்காக வைத்திருப்பின் அது கடமை. அப்போதும் மூன்று கேள்விகளுக்கு ஆள்வோர் பதில் சொல்லியாக வேண்டும்: இக்கலத்தால் எளியவன் எவன் பயனடைகிறான்? இதில் ஏறும் மைந்தனின் உயிருக்கு எவ்வாறு உறுதி செய்தீர்கள்? இது பழுதானால் உங்கள் கையால் நீக்க முடியுமா? இம்மூன்றுக்கும் விடையில்லாத கலம், எத்துணைப் புதியதாயினும், கரையிலேயே மூழ்கிவிட்ட கலம்தான்.

ரூஹுல் அமீன் தம் கடைசி நாளில் பீரங்கியின் அருகில் நிற்கவில்லை. இயந்திரத்தின் அருகில் நின்றார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை விட்டு அகலாமல் நின்றார். அந்நாடு தன் கடற்படைக்கு எத்தனைக் கலங்களைச் சேர்த்தாலும், அந்தப் பழைய படகின் இயந்திர அறையில் நின்ற மனிதரின் அமானித உணர்வையும் அவற்றோடு சேர்த்துக்கொள்ளுமாக. கடலை எல்லையாகக் கொண்ட நாட்டார் அனைவரும், நாமும், சிந்திக்க வேண்டிய செய்தி இதுவே.